கணக்கில் ஒரு மனிதர்

மின்கோபுரம் மண்ணுக்குள் இறங்கிவிடுமோ என்றுதான் பார்ப்பவர்கள் கேட்பார்கள். அதை வடிவமைக்கும் எங்களுக்குக் கவலை வேறு. காற்று ஓங்கி அடிக்கும்போது, காற்று வரும் பக்கத்துக் கால்கள் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு மேலே வரப் பார்க்கும். கன்று இழுக்கும் முளைக்குச்சி போல அந்தக் கால்கள் பிடுங்கப்படாமல் இருக்கத்தான் அடியில் அத்தனை கான்கிரீட் போடுகிறோம்.

பிடித்துக்கொள்ள வேண்டிய மண்ணோ மதுரையைச் சுற்றி ஒரே மாதிரி இல்லை. திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல். மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். யானைமலை, நாகமலை அடிவாரங்களில் பாறை. மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசன வயல்கள். 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு, வைகையில் சேர்ந்து இந்த வயல்களை நனைக்கிறது. கோபுரம் நிற்கும் மண்ணைத் தளர்த்துவதும் அதே தண்ணீர்தான். கனமீட்டருக்கு 2,400 கிலோ இருக்கும் கான்கிரீட், தண்ணீரில் மூழ்கினால் 1,400 கிலோவாகத்தான் வேலை செய்யும். அதனால் நஞ்சையில் அஸ்திவாரம் அகலமாகிறது. அகலம் கூடினால் குழி பெரிது. குழி பெரிதானால் அழியும் பயிரும் அதிகம்.

கோபுரக் கணக்குக்கு எங்களுக்கு வழிகாட்டி ஐ.எஸ். 802 என்ற இந்தியத் தர விதி. காற்றின் அடிப்படை வேகம் சென்னைக்கு வினாடிக்கு 50 மீட்டர், மதுரைக்கு 39 மீட்டர். ஒரு பக்கக் கம்பி அறுந்தால் வரும் இழுவையையும் சேர்க்க வேண்டும். இவற்றோடு இன்னொரு சுமையும் உண்டு: கருவிகளோடு மேலே ஏறும் லைன்மேன். அவருக்காக 1,500 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ. இரும்பும் காற்றுமாக நிறைந்த அந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்களைச் சாய்த்தபோது, மற்ற மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் போன தொழிலாளர்கள் சேற்றில் நின்று வேலை பார்த்தார்கள். அப்படி ஒருவர் என்றாவது ஒரு கோபுரத்தில் கால் வைப்பார் என்பதற்காக, அவர் பெயரும் முகமும் தெரியாத யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து அவர் எடையையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறார்.

முகம் பார்க்காதவர்களுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்விக்கு, லைன்மேனைப் பொறுத்தவரை விதி பதில் சொல்லிவிட்டது. நிலத்துக்காரரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு வருவது போன்ற 400 கிலோவோல்ட் மின்பாதைக்கு 46 மீட்டர் அகலம் ஒதுக்க வேண்டும். அதற்குள் மல்லிகைச் செடி இருக்கலாம், தென்னை இருக்கக்கூடாது. முப்பது வருடத் தென்னையை வெட்டக் கொடுத்தவருக்கு அந்த வித்தியாசம் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு மின்பாதைக்கும் தர வழிசெய்கிறது. அப்படித் தரப்பட்டால் உரிமையாளர் சம்மதிக்க வேண்டியதில்லை. இழப்பீடு கொடுத்தால் போதும். கோபுரம் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதம் என்று மத்திய மின் அமைச்சகம் 2015இல் வழிகாட்டியது. 2024இல் அதை 200 சதவீதமாக உயர்த்தியது. நல்ல மாற்றம், வரவேற்கிறேன். ஆனால் எவ்வளவு பணம் என்பதற்கு முன்னால் எந்த இடம் என்ற கேள்வி இருக்கிறது. அதை முடிவு செய்வது என் மேசை.

"அந்தக் காலைக் கொஞ்சம் வரப்போரமாத் தள்ளி வச்சா லைன் அந்து போயிருமா தம்பி?" என்று வயலில் ஒரு பெரியவர் கேட்டார். நேர்மையான பதில்: பல சமயம் ஒன்றும் ஆகாது. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சுமார் 400 மீட்டர் இருக்கிறது. நேர்கோட்டிலேயே சில மீட்டர் முன்பின்னாக நகர்த்தினால், இரு பக்க இடைவெளியையும் கம்பியின் தொய்வையும் மறுபடி சரிபார்த்தால் போதும், அரைநாள் வேலை. பக்கவாட்டில் விலகினால்தான் சிக்கல். அங்கே பாதை திரும்பும் இழுவையைத் தாங்கும் ஆங்கிள் டவர் வேண்டும். இரும்பும் செலவும் கூடும். முதலாவதைச் செய்து கொடுக்கலாம், இரண்டாவது முடியாது என்று காரணத்தோடு சொல்லலாம். இரண்டுமே மரியாதைதான். ஒன்றும் சொல்லாமல் ஜேசிபியை அனுப்புவதுதான் அவமரியாதை.

நடு வயலில் நிற்கும் கோபுரம் டிராக்டரை ஒவ்வொரு உழவிலும் சுற்ற வைக்கும். வரப்பில் நின்றால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும். செயற்கைக்கோள் படத்தில் வரப்பு தெரியும். அது யாருடைய வரப்பு, கிணறு எந்தப் பக்கம், எந்த வழியாக வண்டி வரும் என்பது தெரியாது.

மதுரையிலும் சுற்றிலும் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வரும் தம்பி, தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். கோபுர இடங்களின் பட்டியலில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். நிலத்துக்காரரைக் கூட்டிவைத்து, கால் எங்கே வரும் என்று முளையடித்துக் காட்டுங்கள். அவர் கேட்பது முடியுமென்றால், வேலை ஒப்பந்ததாரர் கைக்குப் போவதற்கு முன்பே வரைபடத்தை மாற்றிக் கொடுங்கள்.