இந்த வாரமே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்ப் பக்கத்தில் எழுத்திலும் கூத்திலும் ஓவியத்திலும் வடிவமைப்பிலும் தலைநரைத்த பெரியவர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. இன்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகும் பிள்ளை யார்? பெயர் சொல்ல முடியவில்லை என்றால் இந்த வாரமே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி முடித்து, கையில் கவிதை நோட்டோடு நிற்கும் பிள்ளையால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க முடியாது. வீட்டில் வாடகைக்கும் வட்டிக்கும் பணம் வேண்டும். ஷூ கம்பெனி வேன் விடியற்காலையில் தெருமுனைக்கு வந்துவிடுகிறது. அதில் ஏறுவதில் இழிவு எதுவும் இல்லை. நம் ஊர்களுக்குச் சோறு போடுவது தோல் தொழில்தான். கற்ற கலையைத் தலைமுழுகிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்ற நிலைக்கு அந்தப் பிள்ளையைத் தள்ளினால், அது நம் குற்றம்.

மு. வரதராசனாரை எண்ணிப் பாருங்கள். 1912இல் திருப்பத்தூரில் பிறந்து, வேலம் கிராமத்தில் வளர்ந்தவர். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது உடல்நலம் கெட்டு, வேலையை விட்டு ஊருக்குத் திரும்பினார். அந்த நேரத்தில் திருப்பத்தூர் முருகைய முதலியார் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தார் மு.வ.; திருப்பனந்தாள் மடம் ஆயிரம் ரூபாய் பரிசளித்தது. பிறகு பச்சையப்பன் கல்லூரியில் அவரிடம் படித்துத் தமிழாசிரியர் ஆனவர்கள் எத்தனை பேர்! மு.வ.வின் நாவல்களை வீடுவீடாகப் படித்தோம். முருகைய முதலியாரை நினைப்பவர் நம் ஊரிலேயே சிலர்தான். வேலையை விட்டு, உடம்பும் சரியில்லாமல் இருந்த ஓர் இளைஞருக்குப் பாடம் சொல்ல அவர் நேரம் ஒதுக்கினார். அதைத்தான் உங்களிடமும் கேட்கிறேன்.

வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிக்கோ அப்துல் ரகுமானும் இளங்கவிஞர்களைத் தட்டிக்கொடுத்து வளர்த்தவர்.

கூத்தைப் பாருங்கள். பத்து வயதில் பள்ளியை விட்டுக் கூத்தாட வந்த பெ. ராஜகோபால், காஞ்சிபுரத்துக்கு அருகே 2002இல் கட்டைக்கூத்து குருகுலத்தைத் தொடங்கினார். பள்ளிப் பாடமும் கூத்தும் அங்கே சேர்ந்தே நடந்தன. ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண்பிள்ளைகளும் கற்றார்கள். தான் இழந்த பள்ளிக்கூடத்தைத் தன் மாணவர்கள் இழக்காதபடி செய்தாரே, அதைவிடப் பெரிய ஆசிரியப் பண்பு எனக்குத் தெரியவில்லை. 2020இல் குருகுலம் மூடப்பட்டது. அதனால் பாரம் மற்றவர்கள் தோளுக்கு வந்திருக்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எடுபிடி வேலை வாங்குவது கற்றுக்கொடுப்பது ஆகாது. ஷூ டிசைன் அறையில் பேட்டர்ன் வெட்டும்போது உதவியாளர் பார்க்காமல் அட்டையைத் திருப்பி வைத்துக்கொள்ளும் மாஸ்டர்களே, அந்த அளவுகளை யாருக்காகப் பூட்டி வைக்கிறீர்கள்? கோடு ஏன் இங்கே வளைகிறது, தையலுக்கு ஏன் இவ்வளவு விட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். பிள்ளை வரைந்தது நன்றாக இருந்தால், முதலாளியிடம் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள். கூத்துக்கு அழைத்துப் போனால் அன்றைய கூலியை அன்றே கொடுங்கள். கவிதை சரியில்லை என்றால் எந்த வரி சரியில்லை என்று காட்டுங்கள். வெறும் பாராட்டும் ஒருவகைக் கைவிடல்தான்.

முதலாளிகளே, பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அள்ளிக் கொடுத்த ஊர் இது. ஓர் இளம் கலைஞர் பதறாமல் வேலை பழக ஒரு வருடச் சம்பளம் கொடுப்பது உங்களுக்குப் பெரிய செலவா?

தம்பி, தங்கைகளே, நீங்களும் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்காதீர்கள். உங்கள் படைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பெரியவர் வீட்டுக்குப் போங்கள். திருத்தித் தரக் கேளுங்கள். முதல் வீட்டில் மறுத்தால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.