குழம்புப் பாட்டு

19 வயதில் ஒரு கன்வென்ஷன் மேடையில் ஏறிச் சாட்சி சொன்னேன். அதற்கு முன் இரண்டு வருடம் மெல்லிசைக் குழுவில் சினிமாப் பாட்டுப் பாடியிருந்தேன். அந்த நாட்களை இருள் என்றேன், அந்தப் பாட்டுகளைக் குப்பை என்றேன். பந்தலில் பலர் அழுதார்கள். அப்பா கிராமத்து உபதேசியார். வீட்டுக்கு வந்ததும் ஒன்றுதான் கேட்டார்: "முந்திப் பாடினது யாரு குரல்லே?"

பதில் தெரியாமல் நின்றேன். அந்தக் கேள்வி நாற்பது வருடம் கழித்து, நைஜீரியக் கலைஞர் ஃபெலா குட்டியின் ஆரம்பகாலப் பதிவுகளைக் கேட்டபோது மறுபடியும் வந்தது.

ஃபெலாவின் வாழ்க்கையையும் சாட்சி போலத்தான் சொல்கிறார்கள். 1958-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனவர், டிரினிட்டி இசைக் கல்லூரியில் சேர்ந்தார். கூலா லோபிடோஸ் என்ற குழுவைத் தொடங்கினார். 1963-ல் நாடு திரும்பி, ஹைலைஃபையும் ஜாஸையும் கலந்து டிரம்பெட் வாசித்தார். சின்னச் சின்னப் பாட்டுகள். காதல், கேளிக்கை, ஆட்டம். 1969-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் சாண்ட்ரா ஸ்மித் என்ற பெண், உங்கள் பாட்டு எதைப் பற்றியது என்று கேட்டார். குழம்பைப் பற்றி என்றார் ஃபெலா. சாண்ட்ரா அவருக்கு மால்கம் எக்ஸின் சுயசரிதையைப் படிக்கக் கொடுத்தார். பிறகு வந்ததுதான் உலகம் அறிந்த ஃபெலா: ஆஃப்ரோபீட், இராணுவ ஆட்சியை எதிர்த்த பாட்டுகள், சிறை, 1977-ல் படைவீரர்கள் கொளுத்திய, கலகூட்டா என்ற அவர் வீடு. இருள், ஒளி, நடுவே பவுலுக்கு நேர்ந்தது போல ஒரு தமஸ்கு. அவரே தன் கதையை ஏறத்தாழ இப்படித்தான் சொன்னார்.

இந்தக் கதையில் முதல் பதிவுகளுக்கு வேலை ஒன்றுமில்லை, கழற்றிப் போட்ட பழைய சட்டை என்பதைத் தவிர. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸில் அந்த 1969-லேயே பதிவான பாட்டுகளில் ஒன்றின் பெயர் 'ஒபெ'. யொரூபாவில் குழம்பு என்று பொருள். யொரூபா, சுருதி ஏறி இறங்குவதில் பொருள் மாறும் மொழி. 'ஒபெ' என்ற சொல்லில் முதல் அசை நடுவே நின்று அடுத்தது இறங்கினால் குழம்பு. முதல் அசை தாழ்ந்து அடுத்தது எழுந்தால் கத்தி. மெட்டுப் போடுகிறவர் கவனமில்லாமல் இருந்தால் சட்டியில் கத்திதான் கொதிக்கும்.

யொரூபா மக்களிடம் போன மிஷனெரிகளுக்கு நேர்ந்தது இதுதான். ஆங்கிலக் கீதங்களை யொரூபாவில் பெயர்த்து, மெட்டை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். சபையார் பக்தியோடு பாடினார்கள். வாயிலிருந்து வந்த சொற்களோ வேறெதையோ சொல்லின. இந்த நோவு எனக்குப் புதிதல்ல. எங்கள் பாளையங்கோட்டைக்கு 1820-ல் ரேனியஸ் ஐயரை அனுப்பிய அதே சர்ச் மிஷனெரி சங்கம்தான் 1846-ல் யொரூபா ஊரான அபியோகுட்டாவில் ஊழியம் தொடங்கியது. எங்கள் பாமாலையிலும் மெட்டின் இழுப்பில் 'விடு' என்பது 'வீடு' ஆகிவிடும். அப்பா புத்தகத்தில் குறில் வரும் இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்திருப்பார்.

அபியோகுட்டாவில் மெட்டைச் சொல்லுக்குப் பொருத்தும் வேலையைச் செய்தவர்களில் ஒருவர் ஜோசையா ரான்சம் குட்டி, ஆங்கிலிக்கன் குருவானவர். யொரூபாப் பேச்சுக்கு இசைந்து போகும் உள்ளூர் மெட்டுகளில் தேவ பாடல்கள் கட்டினார். 1922-ல் லண்டன் போய் ஸோனோஃபோன் கம்பெனிக்காக 40-க்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடிப் பதிந்தார். அவருடைய மகனும் குருவானவர். பேரன்தான் ஃபெலா, 1938-ல் பிறந்தார். அதற்கு எட்டு வருடம் முன்பே தாத்தா போய்விட்டார். ஃபெலாவின் ஆரம்பகாலப் பதிவுகள் எவை என்று யாராவது கேட்டால், நான் அந்த 1922 தட்டுகளிலிருந்துதான் எண்ணுவேன்.

பேரன் அந்தக் கடவுளை விட்டார். எழுபதுகளில், குடும்பப் பெயரிலிருந்த ரான்சம் அடிமைப் பெயர் என்று அதை உதறி, மரணத்தைப் பையில் வைத்திருப்பவன் எனப் பொருள்படும் அனிகுலாப்போவைச் சூடிக்கொண்டார். குட்டி மட்டும் மிஞ்சியது. 1978-ல் கிறிஸ்தவக் கோயிலையும் பள்ளிவாசலையும் சேர்த்துக் கண்டித்து 'ஷஃபரிங் அண்ட் ஷ்மைலிங்' பாடினார். ஆனால் லாகோஸில் தான் பாடிய இடத்துக்கு ஷ்ரைன், அதாவது திருத்தலம், என்று பெயரிட்டு, யொரூபாத் தெய்வங்களுக்கு அங்கே வழிபாடும் நடத்தினார். அவர் ஒரு வரி எடுத்துக் கொடுக்க, பெண்கள் குழுவாக வாங்கிப் பாடுவார்கள். இந்த முறை கோயில் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்ததுதான். என்றாலும் குருவானவர் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அதை இரண்டு இடத்திலும் கேட்ட காது இருந்திருக்கும்.

மாற்றமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அவர் அதற்கு விலை கொடுத்தார். 1977 தாக்குதலில் ஜன்னல் வழியே வீசப்பட்ட அவர் தாய் ஃபுன்மிலாயோ, மறு வருடம் இறந்துபோனார். அந்த மாற்றத்தின் முன் தலை வணங்குகிறேன். முந்தினதை இருள் என்று சொல்வதுதான் எனக்கு நெருடுகிறது. மனந்திரும்புதல் என்றுதானே நம் வேதபுத்தகத்தில் சொல்கிறோம். திரும்புகிற ஆள் அதே ஆள்தான், முகம்தான் வேறு பக்கம் போகிறது. தமஸ்குவுக்குப் பிறகும் பவுல் கமாலியேலின் மாணவராகத்தான் வாதிடுகிறார். அந்தப் பரிசேயப் படிப்பை எடுத்துவிட்டால் ரோமர் நிருபம் எப்படி எழுதப்பட்டிருக்கும்?

கூலா லோபிடோஸ் பாட்டுகளில் டிரம்பெட் வாசிக்கிற அந்த இளைஞனிடம் கோபம் இல்லை. ஆனால் பிறகு ஆஃப்ரோபீட்டுக்குத் தாளம் தந்த டோனி ஆலனின் டிரம்ஸ் அப்போதே அவன் பின்னால் இருக்கிறது. தன் மொழியில் குழம்பைப் பாட வெட்கப்படாத குரலும் இருக்கிறது. பிறகு ஆட்சியாளர்களைப் பெயர் சொல்லிக் கேட்டது அந்தக் குரல்தான்.

போன மாதம் பாடகர் குழுவுக்குப் புதிதாக வந்த பையன், இரட்சிக்கப்பட்டுவிட்டதால் இனி சினிமாப் பாட்டு வாசிப்பதில்லை, கிட்டாரை விற்றுவிடப் போகிறேன் என்றான். நான் தடுக்கவில்லை. விற்பதற்கு முன் ஒரு தடவை கொண்டுவந்து வாசிக்கச் சொன்னேன்.

"எந்தப் பாட்டு அண்ணாச்சி?"

"விடப்போறியே, அந்தப் பாட்டுதாம்லே."