யார் விவசாயி?

எங்க அம்மா ஆயுசு முழுக்க அடுத்தவன் வயலில் நாத்து நட்டவள். 2019இல் பி.எம். கிசான் திட்டம் வந்தது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. ‘நமக்கும் வருமாடா?’ என்றாள். வராது. பேரில் நிலம் இருந்தால்தான் விவசாயி. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனில் கடை வைத்திருப்பவர் விவசாயி. சேத்தில் நிற்பவள் வெறும் கூலி.

அந்த நிலம் யாருடையது? தலித்துகளுக்கென 1892 முதல் வெள்ளைக்கார அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை மற்றவர்கள் வாங்கக் கூடாதென்பது நிபந்தனை. அதில் பெரும்பகுதி இன்று பிறர் கையில். அந்த நிலத்துக்கும் பணம் போனால் அது உதவியா, பறித்தவனுக்குப் பரிசா?

அம்மா கேட்டாள்: ‘நெலம் இல்லாததாலதான கஷ்டம்? நெலம் இல்லேன்னே காசு இல்லேங்கிறானே!’

காசு அப்புறம். முதலில் நிலத்தைக் கொடு.