நலமா என்று கேட்பது பொய்யா?

பதிலுக்குக் காத்திராமல் நலம் விசாரிப்பது ஒருவகைப் பொய் என்று கறாராகப் பேசும் நண்பர்கள் எனக்கு உண்டு. கானாவின் ஹோ நகரில் எவே மொழி படித்த நாட்களில் அந்த வாதம் எனக்கு அடியோடு கசந்துவிட்டது.

அங்கே காலை வணக்கமாக 'ங்டி' என்று ஆரம்பித்தால் அதோடு விடமாட்டார்கள். எழுந்தாயா, வீட்டார் எழுந்தார்களா, பிள்ளைகள் எழுந்தார்களா என்று விசாரிப்பு நீளும். எல்லாவற்றுக்கும் எழுந்தார்கள் என்றே பதில். பக்கத்து வீட்டுப் பாட்டி காய்ச்சலில் கிடந்தபோதும் மருமகள் அப்படித்தான் சொன்னார். கடவுளான மவுவுக்கு நன்றியும் சொன்னார். நோயில்லாததற்கு அல்ல, விடிந்ததற்கு நன்றி.

பிறகு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, வந்த காரியம் என்ன என்று கேட்டார். அதன் பின்தான் காய்ச்சல், மருந்துச் செலவு, கடன் எல்லாம் வெளியே வந்தன. எதையும் மறைக்கவில்லை. முதலில் ஆள், அப்புறம் சேதி, அவ்வளவுதான்.

பார்த்தவுடன் உள்ளதைக் கொட்டுவதுதான் நேர்மை என்பதை நான் ஏற்கமாட்டேன். அது வெறும் அவசரம். எவே ஊர்ப்பக்கம் போனால் காரியத்தைப் பிறகு பேசுங்கள், முதலில் வீட்டாரை விசாரியுங்கள்.