லிஸ்டில் யார் பெயர்?



சில மாதங்களுக்கு முன் ஞாயிறு ஆராதனையில் ஒரு சகோதரர் சாட்சி சொன்னார். அவருடைய கெமிக்கல் கம்பெனியில் ஒரு பிளாண்ட்டை மூடி ஆட்களைக் குறைத்தார்கள். "லிஸ்டில் என் பெயர் இல்லை, கர்த்தர் என்னைக் காப்பாற்றினார்!" என்றார். சபையே அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாய்ச் சொன்னது, மைக்கைப் பிடித்திருந்த நான்தான்.

ஆராதனை முடிந்ததும், அதே கம்பெனியில் 22 வருஷம் ஷிப்ட் பார்த்த இன்னொரு சகோதரர் வந்தார். "பாஸ்டர், என் பெயர் லிஸ்டில இருந்துச்சு. அப்போ கர்த்தர் என்னைக் கைவிட்டுட்டாரா? நான் என்ன பாவம் பண்ணேன்?" எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவு தூக்கமும் வரவில்லை.

தேவபிள்ளையே, ஒருவனுக்கு வேலை போவது எதினால்? 2022ல் உக்ரைனில் யுத்தம் வந்தது. ஐரோப்பாவில் இயற்கை எரிவாயு விலை ஏறியது. அங்கே அமோனியா தயாரிக்க அதுதான் மூலப்பொருள். 2023 பிப்ரவரியில் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி, லுட்விக்ஸ்ஹாஃபனில் இருந்த இரண்டு அமோனியா பிளாண்ட்டுகளில் ஒன்றை மூடுவதாகவும், உலகமெங்கும் சுமார் 2,600 வேலைகளைக் குறைப்பதாகவும் அறிவித்தது. அந்த வேலைகளில் இருந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா?

சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டதைப் பற்றி ஆண்டவர் இதே கேள்வியைத்தான் கேட்டார். இல்லை என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13:4,5). மனந்திரும்பச் சொன்னது யாரை? உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களை! அந்த வசனம் என்னைக் குத்தியது.

அப்படியானால் வேலை நிலைத்ததற்கு நன்றி சொல்லக் கூடாதா? தாராளமாய்ச் சொல்லுங்கள். ஆனால் நம்முடைய ஸ்தோத்திரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்மேல் தீர்ப்பாய் விழக் கூடாது. யோசேப்பை எகிப்தில் கர்த்தர் உயர்த்தி வைத்தது எதற்கு? பஞ்சத்தில் சகோதரருக்கு ஆகாரம் கொடுக்க அல்லவா?

ஆட்குறைப்பில் சட்டப்படி கிடைப்பது வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். 22 வருஷ உழைப்புக்கு ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பளம். அதற்குப் பிறகு? கான்ட்ராக்ட் ஆட்கள் பலருக்கு அதுவும் கைக்கு வருவதில்லை.

மறுநாளே சாட்சி சொன்ன சகோதரரிடம் இதைப் பேசினேன். "நான் யோசிக்கவே இல்லையே பாஸ்டர்" என்று அழுதார். அன்று சாயங்காலமே ஒரு மூட்டை அரிசியோடு இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். நான் பிரசங்கம் பண்ணவில்லை. "என்னை மன்னிச்சிடுங்க" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் அவர் பையனுடைய இந்த வருஷ ஃபீஸை அந்தச் சகோதரர்தான் கட்டினார்.

லிஸ்டில் உங்கள் பெயர் இல்லையா? கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். பிறகு, பெயர் இருந்தவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஆமென்.