கடனும் கன்மமும்

கடன்பட்டு வருந்துவார் பலர் தம் துன்பத்திற்கு ஏது கூறுங்கால், "எல்லாம் முன்னை வினை, அனுபவித்தே தீரவேண்டும்" என்பர். கேட்கும் சைவர்களும் தலையசைப்பர். சொல்லளவில் இது நம் சித்தாந்தத்திற்கு உடன்பாடு போலவே தோன்றும். ஆயினும், வட்டிக்காரன் கையிலுள்ள பத்திரத்தையும் இறைவன் ஊட்டும் வினைப்பயனையும் ஒரு தட்டில் வைத்து நிறுக்கலாமோ என்பது ஆராயத்தக்கது. இது வெறுஞ் சொற்போர் அன்று. இதன் முடிபைப் பற்றிக்கொண்டு இருபது இருபத்தைந்து வயதினர் பலருடைய வாழ்வு நிற்கின்றது.

பொன்னேரியை எடுத்துக்கொள்வோம். ஆரணியாற்றின் பக்கத்தே அகத்தீசுவரர் எழுந்தருளியுள்ள பழம்பதி அது. வயல் சூழ்ந்த அவ்வூரினின்று விடியுமுன் மின்சார இரயிலேறும் இளைஞர் வடக்கே கும்மிடிப்பூண்டிச் சிப்காட் ஆலைகட்கும், தெற்கே எண்ணூர், மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகட்கும் செல்கின்றனர். அவருள் ஒப்பந்தக் கூலியாய் வேலைபார்க்கும் ஒருவனைக் கருத்தில் அமைத்துக்கொள்வோம். குறித்த ஒருவனல்லன், யாரும் ஆகலாம். தங்கை திருமணத்திற்கு மூன்று வட்டிக்கு வாங்கியது ரூ. 50,000. மோட்டார் சைக்கிளுக்கு ஒரு தவணை, செல்பேசிக்கு ஒரு தவணை. இவற்றுள் ஒன்று தவறிய மாதத்தில் அதனை அடைக்கத் தண்டல் வாங்கினான். தண்டலாவது, பத்தாயிரம் என்று எழுதி எண்ணாயிரத்தைந்நூறு கையிற் கொடுத்து, நாளொன்றுக்கு நூறாக நூறு நாள் வாங்குவது. "ஆயிரத்தைந்நூறுதானே" என்று தோன்றும். நாள்தோறும் அசல் தேய்ந்துவருதலைக் கணக்கிற் கொண்டால், அவ்வட்டி ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு நூற்றிருபது அளவாகும். இத்தகைய தண்டலையும் கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றையும் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் குற்றமாக்கியது. குற்றமாக்கியும் அது மறைந்திலது. ஏன் மறைந்திலது என்பதே பின்னர் யாம் கூறப்புகுவது.

முதற்கண் வினை என்னும் வாதத்தை நோக்குவோம். சித்தாந்தம் கன்மத்தை மூவகைப்படுத்தும்: தொகுதியாய்க் கிடக்கும் சஞ்சிதம்; அதினின்று இவ்வுடற்கென முகந்து ஊட்டப்படும் பிராரத்தம்; அதனை நுகருங்கால் விருப்பு வெறுப்புக்களாற் புதிதாய் ஏறும் ஆகாமியம். இம்மூன்றனையும் அசல், இம்மாதத் தவணை, புதுக்கடன் என வைத்துப் பார்ப்பார்க்கு உவமை நன்றாகவே பொருந்துவதுபோலும். அதனாலேதான் மயக்கமும் நேர்கின்றது.

உவமைக்கு எல்லை உண்டன்றோ? கன்மம் சடம், தானே வந்து பொருந்தும் அறிவு அதற்கில்லை. செய்த உயிரும் தன் பயனைத் தானே தேர்ந்து நுகரமாட்டாது. ஆகலின் ஊட்டுவானொருவன் வேண்டப்படும், அவன் இறைவன். அவன் ஊட்டுவது உயிரின் மலம் பக்குவப்படற்பொருட்டேயன்றித் தனக்கோர் ஊதியங் கருதியன்று. தண்டற்காரன் ஊட்டுவதோ தன் ஊதியமே கருதி. நூற்றுக்கு நூற்றிருபது என விதித்தவன் சிவபெருமான் அல்லன். கடைத்தெருவில் நாற்காலியிட்டு அமர்ந்திருப்பான் ஒருவன். அவன் விதியை ஊழ் என்று பணிதல் அவனை இறைவன் இடத்தில் வைத்தலாய் முடியும். சைவர்க்கு இதனினும் பெரும் பிழை யாது?

இப்பிழை எங்குக் கொண்டுபோய்விடும் என்பதற்குத் தொலைவிற் சான்று தேடவேண்டுவதில்லை. இதே திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் என்று சில ஆயிரம் வாங்கிய இருளர் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கிற் கட்டுண்டு கிடந்து பின்னர் அதிகாரிகளால் மீட்கப்பட்டமை பலரும் அறிந்தது. உழைத்த கூலியைக் கணக்கிட்டால் அம்முன்பணம் என்றோ தீர்ந்திருக்கும். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன் முழுவதையும் அழித்தது. அதற்கு முன்னரும், 1938இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவைக் காலத்து உழவர் கடன் நிவாரணச் சட்டம், அசலின் இருமடங்கு செலுத்திவிட்டவனுடைய கடன் தீர்ந்ததென்று கூறிற்று. இவற்றால் விடுதலையடைதல் வினைப்பயனை ஏய்த்தல் ஆகாதோ என்று ஐயுறுவார் உளராயின், அவர்க்கு யாம் கூறுவது: ஏய்க்கப்பட்டது வினைப்பயன் அன்று, ஏய்த்தவன் கணக்கு. வாங்கிய அசலையும் நேரிய வட்டியையும் கொடாது மறுத்தலோ களவின்பாற்படும். அதற்கு இவ்வாதம் துணைபோகாது.

அங்ஙனமாயின் உவமை முழுதும் பொய்யோ? அற்றன்று. ஓரிடத்தில் அது மெய்யாகவே பொருந்தும். மூன்று வட்டிக்கு ஐம்பதினாயிரம் வாங்கியவன் மாதந்தோறும் ரூ. 1,500 கட்டுகின்றான். அஃது அம்மாத வட்டிக்கே சரியாம். முப்பத்துநான்கு மாதத்தில் அசலினும் மிகுதியாகக் கட்டிவிடுவான். அசல் அப்படியே நிற்கும். நுகருந்தோறும் நுகர்ந்த அளவே புதுவினை ஏறுகின்ற உயிரின் நிலை இதுவே. அவன் ஆயிரம் கூட்டி ரூ. 2,500 கட்டுவானாயின், குறையும் அசலுக்கே வட்டி கணக்கிடப்படுமளவில், முப்பத்தொரு மாதத்திற் கடன் முற்றும் தீர்ந்துபோம். ஒருபாற் பிறவிக்கடல் போல முடிவின்மை. ஒருபால் இரண்டரை ஆண்டு. இடையில் நிற்பது மாதம் ஆயிரம் ரூபாய். அசலைச் சிறிது சிறிதாக வாங்கமாட்டேன், மொத்தமாகவே கொணர்க என்று கடன்கொடுத்தோர் சிலர் கூறுதல் இதுபற்றியே. அவர்க்கு இக்கணக்கு நன்கு தெரியும்.

நம் இளைஞனுக்கும் கணக்குத் தெரியாமலில்லை. ஆலையில் எந்திரத்தின் அளவுகளை நாள்தோறும் குறித்துவைப்பவன் அவன். பின் ஏன் செய்திலன்? ஆயிரம் மிச்சமாக வேண்டுமாயின் மோட்டார் சைக்கிளை விற்றல்வேண்டும். விற்றால் தெருவார் கேட்பர், தாய் கேட்பாள், தங்கையின் மாமியார் வீட்டார் கேட்பர். கேளாதிருத்தற்பொருட்டுத் தவணை கட்டுகின்றான். தவணை கட்டுதற்பொருட்டுத் தண்டல் வாங்குகின்றான். தண்டல் வாங்கியதை மறைத்தற்பொருட்டுச் செல்பேசிச் செயலியில் இன்னொரு கடன் வாங்குகின்றான். ஈண்டுத் தொழிற்படுவது கன்மமலம் மட்டுமன்று. அதற்கு மூலமாகிய ஆணவம். புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னை இருளென்று காட்டிநிற்கும். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் விளக்கிய இவ்வேறுபாட்டைப் பாடமாக ஓதுகின்ற நாம், ஓர் இளைஞனின் சட்டைப்பையில் அதனைக் காணத் தவறுகின்றோம். அவன் கடனைப் பிறர்க்கு மறைக்கின்றான். நாளடைவில் மொத்தம் எவ்வளவென்பதைத் தனக்கே மறைத்துக்கொள்கின்றான். கூட்டிப் பார்க்க அஞ்சும் நிலை அது.

அவனிடம் நகையில்லை, நிலமில்லை. எதனை ஈடாகக் கொண்டு இத்துணைப் பேர் அவனுக்குக் கடன் கொடுத்தனர்? மறைப்பே அவ்வீடு. தண்டற்காரன் வீட்டு வாயிலில் வந்து நின்று உரத்துப் பேசுவான் என்னும் அச்சத்திற்காக அவன் எதையும் விற்றுக் கட்டுவான். செயலிக் கடனிற் கொடியோர் இதனை ஒரு கலையாகவே வளர்த்தனர்: செல்பேசியிலுள்ள உறவினர், நண்பர் எண்களை முன்னரே கவர்ந்துகொண்டு, தவணை தவறியவுடன் அவர்கட்கெல்லாம் இழிவான செய்தியும் படமும் அனுப்புவர். இதற்கு நாணி உயிர் துறந்தாரும் உளர். 2022ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி வகுத்த நெறிகள், இத்தகைய செயலிகள் கடன்படுவோனின் தொடர்பெண்களைத் தொடுதல் கூடாதென்றும், கடனின் முழுச்செலவையும் முன்னரே எழுதிக் காட்டவேண்டும் என்றும் விதித்தன. விதி நன்று. ஆயினும் தாயும் தமையனும் முன்னரே அறிந்துவிட்ட கடனை வெளிப்படுத்துவேன் என்று யார் அவனை அச்சுறுத்தவல்லார்?

பொன்னேரி இரயில் சென்னைக்குச் செல்லும் வழியில் திருவொற்றியூர் வரும். ஒற்றி என்பது ஈடுவைத்த நிலத்திற்கும் பெயர். அப்பெயரைக்கொண்டு இறைவனோடு விளையாடிய புலவர் பலர். அத்தலத்திற் சங்கிலியாரை மணந்த நம்பியாரூரர் வரலாறே ஓர் அடிமையோலையில் தொடங்குகின்றது. புத்தூரில் மணப்பந்தரில் அமர்ந்திருக்கும் இளைஞனிடம் ஒரு முதிய அந்தணர் வந்து, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இது, நீ எனக்கு அடிமை என்கின்றார். இளைஞர் செய்தது யாது? ஓடிச்சென்று ஓலையைப் பறித்துக் கிழித்தார். பத்திரத்தைக் கண்ட எந்த இளைஞனும் முதற்கண் செய்ய நினைப்பது அதுவே. கிழித்தது படியோலை, மூலவோலை திருவெண்ணெய்நல்லூரில் அவையத்தார்முன் எடுத்து நீட்டப்பட்டது. பாட்டன் கையெழுத்தோடு ஒத்துப்பார்த்து அவையோர் தீர்ப்புக் கூறினர். எல்லாரும் காண ஓலை படிக்கப்பட்ட பின்னரே வழக்கிட்டவர் யாரென்பது விளங்கிற்று. அருள் வெளிப்பட்ட இடம் கிழித்த பந்தரன்று, படித்த அவை.

பாட்டன் ஓலை பேரனைக் கட்டிற்றன்றோ, அவ்வாறே தந்தை கடன் மகனைக் கட்டாதோ என்னும் வினா ஈண்டு எழும். தந்தை விட்டுச்சென்ற புரோநோட்டினால் தன் வாழ்வைத் தொடங்குமுன்னரே தளர்ந்துபோன இளைஞர் பலராகலின் இதனை எளிதிற் கடத்தல் தகாது. ஆரூரர் வழக்கில் ஆண்டான் இறைவன். உயிர்கள் அவற்கு அடிமையாதல் ஓலையால் வந்ததன்று, அநாதியே உள்ளது. ஓலை அதனைக் காட்டியதோர் ஏதுமாத்திரை. மானிடர் கடனோ அவ்வாறன்று. ஒருவன் செய்த வினையை மற்றொருவன் நுகரான் என்பது நம் கொள்கை. தந்தையின் சொத்தைக் கொண்ட மகன் அச்சொத்தளவிற்குக் கடனையும் கொள்ளுதல் முறை. சொத்தொன்றும் பெறாதவனை, மகனாய்ப் பிறந்தமை ஒன்றே பற்றிப் பிணித்தல் முறையன்று. மகனுக்குச் சமயக்கடமை என்னும் பெயரால் இந்து சட்டத்தில் நெடுங்காலம் நின்ற அப்பிணிப்பை 2005ஆம் ஆண்டுத் திருத்தம், அதன்பின் ஏற்படும் கடன்களைப் பொறுத்தவரை, நீக்கிவிட்டது. அன்பினால் அடைப்பானாயின் அது வேறு, அதனைத் தானமென்க.

இளையான்குடி மாறனாரும் கடன் பட்டவரன்றோ என்று கேட்பார் உளர். பட்டார், அடியார்க்கு அமுதூட்டப் பட்டார். ஆனால் சேக்கிழார் அக்கடனுக்கு ஓர் அளவு கூறியிருத்தலை ஊன்றி நோக்குதல் வேண்டும். உள்ளனவெல்லாம் விற்றபின், தம்மையே விற்றாயினும் இறுக்கத்தக்க அளவிற்கே அவர் கடன் கொண்டார் என்பது அவர் கருத்து. பத்தியின் உச்சியில் நின்றவர்க்கும், திருப்பித்தரும் ஆற்றலே வரம்பாயிற்று. கணவனும் மனைவியும் ஒருங்கறிந்த வறுமை அது. விதைத்த நெல்லை நள்ளிரவில் மழையில் வாரிக்கொணரச் சொன்னவர் மனைவியார். அவருக்கு மறைத்த கணக்கொன்று அவ்வில்லத்தில் இருந்ததில்லை.

கடனை வெளிச்சத்திற் கொடுத்து வெளிச்சத்தில் வாங்கும் ஏற்பாடு ஒன்று இம்மாவட்டத்திலேயே தோன்றியது. சென்னை மாகாண அதிகாரியாயிருந்த பிரடெரிக் நிக்கல்சன் 1895, 1897ஆம் ஆண்டுகளில் இரு தொகுதியாக வெளியிட்ட அறிக்கையில், செருமனியில் ரைபைசன் என்பார் சிற்றூர்களில் அமைத்த கடன்சங்கங்களை முன்மாதிரியாகக் காட்டினார். ஒருவரையொருவர் அறிந்த ஊரார் ஒன்றுகூடி, ஒருவர் கடனுக்கு எல்லாரும் பிணையாய் நின்று, இன்ன காரியத்திற்கு என்று கேட்டறிந்தே பணங்கொடுப்பது அதன் உயிர். 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சட்டம் வந்தவுடன் இந்தியாவின் முதல் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன்சங்கம் திருவள்ளூரையடுத்த திரூரில் அமைந்தது. இன்றும் கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்துப் பெறும் கடனின் வட்டி தண்டல் வட்டியோடு ஒப்பவைத்து எண்ணத்தகாத சிறுமையுடையது. மூன்று வட்டிக் கடனை ஒரே நாளில் அடைத்துவிட்டுக் குறைந்த வட்டியில் ஓராண்டு ஈராண்டிற் கழித்துவிடலாம். நம் இளைஞன் இவ்வழியை அறிவான். ஆனால் நகை தாயினுடையது. வழி தாயின் அறிவினூடே செல்கின்றது. அவன் நிற்பதும் அங்கேதான்.

ஆகலின் அவன் முதற்கண் செய்யற்பாலது வருவாயைப் பெருக்குதலன்று. பணியில்லாத ஒருநாள், ஒருதாளில், யார்க்கு எவ்வளவு, என்ன வட்டி, என்று முடிவு என நேர்மையாய் எழுதுதல். கைமாற்று ஐந்நூறும் விடப்படாது. எழுதியதைக் கூட்டுதல். கூட்டியதை வீட்டிலொருவர் முன் வைத்தல். சில வீடுகளில் அப்பொழுது ஒன்று நிகழ்வதுண்டு. தாய் நெடுநேரம் அத்தாளையே பார்த்திருப்பாள், சினந்து பேசமாட்டாள். பின் எழுந்து உள்ளே சென்று, அரிசிப்பானைக்குப் பின்னிருந்து தன் தண்டல் அட்டையை எடுத்துவந்து, மகன் எழுதிய தாளின்மேல் வைப்பாள்.