காட்சிக் குறிப்பில் இல்லாதவர்கள்

ஓர் ஊரின் அருங்காட்சியகம் அவ்வூரில் வாழ்ந்தவர்களுள் எவரை நினைவில் வைத்திருக்கிறது, எவரை விட்டுவிடுகிறது என்னும் வினா, வாழ்வின் பயன் குறித்த பழைய வினாவோடு நேரடித் தொடர்புடையது. தாம் மறைந்த பின்னும் தம் பெயர் நிற்க வேண்டும் என்ற விருப்பம் மனிதர்க்கு இயல்பானதாக இருக்க, அவ்விருப்பம் எவருக்கு, எதனால் கைகூடுகிறது என்பதைக் கண்முன் நிறுத்தும் இடமாக ஊர் அருங்காட்சியகம் அமைந்துவிடுகிறது. மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடி இதற்குத் தக்க சான்றாகும்.

தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 1620-இல் டேனிஷ்காரர்கள் அங்கே எழுப்பத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டைக்குள், இன்று தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இயங்குகிறது. ஒரு வட்டாரத்தில் கிடைத்த தொல்பொருள்களை அவ்வட்டாரத்திலேயே வைத்துக் காட்டும் சிறிய அருங்காட்சியகத்துக்கு அத்துறை வழங்கும் பெயர் அது. பீங்கான் கலங்கள், சீனத் தேயிலைச் சாடிகள், சுடுமண் பொருள்கள், சுதையுருவங்கள், வாள்கள், ஈட்டிகள், சிறு பீரங்கிக் குண்டுகள், திமிங்கில எலும்புக்கூட்டின் ஒரு பகுதி ஆகியன அங்கே உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை எவர் கையில் புழங்கின, அந்தச் சாடியை எந்த வீட்டுப் பெண் எடுத்துப் புழங்கினாள் என்பவற்றை அறிய இனி வழியில்லை. பொருள் நின்றுவிட்டது, ஆள் போய்விட்டார்.

ஆயினும் இவ்வூரில் பெயர் பெற்ற மனிதர்களும் உண்டு. 1706 ஜூலை 9 அன்று கப்பலில் வந்திறங்கிய ஜெர்மானியச் சமயப் பணியாளர் சீகன்பால்கு, தமிழைக் கற்று, அச்சகம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார்; அது 1715-இல் அச்சாகி முடிந்தது. இந்திய மொழி எதிலும் அதற்கு முன் அந்நூல் அச்சேறியதில்லை. தாவரங்களை வகைப்படுத்திய லின்னேயசின் மாணவரான மருத்துவர் கோனிக் 1768-இல் இங்கே வந்து தென்னிந்தியச் செடிகொடிகளை ஆராய்ந்தார். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய வேதநாயகம் பிள்ளை, இவ்வூர் நீதிமன்றத்தில் முன்சீப்பாக, அதாவது உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் கீழ்நிலை நீதிபதியாகப் பணியாற்றினார். இவர்கள் மூவரும் எழுதியவர்கள் என்பதைக் கவனித்தால், அவர்களுடைய பெயர் நின்றதன் காரணம் ஓரளவு விளங்கும்.

சீகன்பால்குவுக்குத் தமிழ் கற்பித்தவரைப் பற்றி எண்ணும்போது இது இன்னும் தெளிவாகிறது. வீட்டுத் திண்ணையிலோ மர நிழலிலோ ஆசிரியர் ஒருவரே பல வயதுச் சிறுவர்களுக்கு மணலில் எழுத்தும் எண்ணும் கற்பித்த அமைப்பைத் திண்ணைப் பள்ளி என்பர். அத்தகைய பள்ளி ஒன்றை நடத்திய முதியவரிடமே, சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதி, சீகன்பால்கு அரிச்சுவடி கற்றார். இரண்டே ஆண்டுகளில், 1708-இல், நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்க அட்டவணை எழுதும் அளவுக்கு ஒரு வெளிநாட்டவர் தேர்ந்தார் என்றால், அந்தத் தேர்ச்சியில் கற்றவரின் உழைப்புக்குக் குறையாத பங்கு கற்பித்தவர்களுக்கும், சுவடி தேடித் தந்தவர்களுக்கும், உடனிருந்து பொருள் சொன்னவர்களுக்கும் உண்டு. அவரது அச்சகத்துக்குக் காகிதம் போதாமல், அருகிலுள்ள பொறையாறை அடுத்துக் காகிதப் பட்டறை ஒன்று அமைக்கப்பட்டது. அப்பகுதிக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. கூழைக் கலக்கி, சல்லடையில் வார்த்து, தாளாக உலர்த்திய கைகளுக்குரிய ஒரே நினைவுச் சின்னம் அந்த இடப்பெயர்தான்.

பெயர் பெற்றவரும் தம் உழைப்பின் பயனைக் கண்டு மகிழ்ந்தார் என்று சொல்வதற்கில்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் சீகன்பால்கு எழுதி முடித்த விரிவான நூலை, பிற சமயத்தைப் பரப்புவது சமயப் பணியாளரின் வேலையன்று என்று கருதிய ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் இருந்த அவருடைய மேலோர் வெளியிடவில்லை. 36 வயதில், 1719-இல், அவர் இறந்தார்; நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சாயிற்று. பின்வரும் புகழை நம்பி ஒருவர் வாழ்வாரேயானால், அது தம் கைக்கு எட்டாத தலைமுறையினரின் விருப்புவெறுப்பையும் தாளின் ஆயுளையும் நம்பி வாழ்வதாகவே முடியும். நினைவில் நிற்பது, வாழ்ந்த வாழ்வின் தரத்தைவிட, எழுதி வைக்கும் பழக்கத்தையே பெரிதும் சார்ந்திருக்கிறது. ஆகவே அதை வாழ்வின் அளவுகோலாகக் கொள்வது, அந்தத் திண்ணைப் பள்ளி ஆசிரியருக்குச் செய்யும் அநீதி.

தமிழ் மரபு இதில் வேறொரு வழியையும் அறிந்திருந்தது. ஆநிரை மீட்கும் பூசலில் மடிந்த, அரசரோ புலவரோ அல்லாத ஊர் வீரனுக்கும் நடுகல் நாட்டி, அவன் பெயரையும் செயலையும் அதில் பொறித்தார்கள். அந்தக் கவனம் இன்றைய ஊர் அருங்காட்சியகங்களுக்கும் தேவை. ஒரு சாடியின் அருகே வைக்கப்படும் காட்சிக் குறிப்பு அதன் காலத்தையும் நாட்டையும் சொல்வதோடு நின்றுவிடாமல், அதைச் சுமந்தவர், கழுவியவர், பழுது பார்த்தவர் எத்தகைய மனிதர் என்பதையும், தெரிந்தால் அவர் பெயரையும் சொல்ல வேண்டும். மீனவர் குடியிருப்புகளிலும் நெசவுத் தெருக்களிலும் முதியோர் நினைவில் இருப்பவற்றை அவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். வீடுகளில் பழைய புகைப்படம் வைத்திருப்பவர்கள், அதில் நிற்பவர்களின் பெயர்களைத் தெரிந்த பெரியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறத்தில் எழுதி வைப்பார்களாக.